பண்ணைக்காரரின் சைவம்

நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணை முதலாளிகளில் ஒரு வகை உண்டு. ஷெட்டில் லட்சம் கோழி. வீட்டுக் குப்பைத் தொட்டியில் ஒரு முட்டை ஓடு கிடைக்காது. சுத்த சைவம். ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க் காப்பு சாத்திவிட்டு வந்ததும் செல்பேசியில் என்.இ.சி.சி. அறிவிக்கும் முட்டை விலையைப் பார்ப்பார். புரட்டாசியில்தான் இவர் படும் பாட்டைக் காண வேண்டும். ஊரே இவர் வழிக்கு வந்து சைவமாகிறது. முட்டை தேங்குகிறது, விலை சரிகிறது. அடுத்தவர் விரதத்தால் இவருக்குத்தான் வயிறு காய்கிறது. பாவக் கணக்கைப் பற்றிக் கேட்டால் வள்ளுவரைத் துணைக்கு அழைப்பார்: தின்பவர் இல்லாவிட்டால் விற்பவர் ஏது? குறள் சரிதான். ஆனால் அது தின்பவரைத் தப்பவிடாமல் பிடிக்கச் சொன்னதே தவிர, விற்பவரை விடுதலை செய்வதற்குச் சொன்னதல்ல.

"கருக்கூடாத முட்டைங்க, அதுல ஏதுங்க உசுரு?" என்பது இவருடைய அடுத்த வாதம். முட்டையைப் பொறுத்தவரை இதில் பிழையில்லை. 1942-ல் சிறையில் இருந்தபடி உடல்நலம் பற்றி எழுதிய காந்தியும், பால் குடிப்பவர் கருவற்ற முட்டையை மறுக்கக் காரணமில்லை என்றே சொன்னார். (அப்படியானால் இவரே தின்னலாமே என்று கேட்டுவிடக் கூடாது, முகம் சுளிப்பார்.) சிக்கல் முட்டையில் இல்லை, கோழியில் இருக்கிறது. முட்டையினத்துச் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கும் கட்டுப்படியாகாது. பொரித்த அன்றே அதன் கதையை முடித்துவிடுகிறார்கள். பெட்டைக்குக் கூண்டுக்குள் ஏறக்குறைய ஒன்றரை வருடம். முட்டை குறைந்ததும், நாளிதழில் முட்டை விலைக்குப் பக்கத்திலேயே அச்சாகும் 'முட்டைக்கோழி கிலோ' கணக்கில் கறிக்கடைக்குப் போகிறது. இவர் முட்டையைத் தொடாததால் பிழைத்தது இவருடைய நாக்கு மட்டும்தான்.

"அப்படிப் பார்த்தா பாலையும் விடோணுமே" என்று மடக்குவார். அதில் சிக்குவதும் அவரேதான். கிடேரிக் கன்று கொட்டிலில் நிற்கிறது. காளைக்கன்று புதன்சந்தை ஊரில் கூடும் மாட்டுச்சந்தைக்குப் போகிறது. அங்கே வரும் கேரள வியாபாரி அதை ஏர் பூட்டவா வாங்குகிறார்? கோயிலுக்குக் கட்டிப்போகும் சேலத்து வெண்பட்டுக்குப் புழு கூட்டோடு வெந்திருக்கிறது. விரத நாளில் குடிக்கும் ஜவ்வரிசிப் பாயசம்கூட, யார் கண்டது, இவர் பண்ணையின் கோழி எருவில் விளைந்த மரவள்ளியாகவே இருக்கலாம். உழுதால் மண்புழு சாகிறது. ஒன்றும் சாகாமல் ஒரு கவளமும் இறங்காது என்பது உண்மை. எங்காவது ஓரிடத்தில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். 1912-ல் பாலை விடுவதென உறுதி எடுத்த காந்தி, பின்னாளில் நோயில் விழுந்து ஆட்டுப்பாலுக்கு இறங்கினார். ஆனால் அந்தக் கோட்டைத் தன் பெருமையாகக் காட்டவில்லை, உறுத்தலாகவே எழுதிவைத்தார்.

இவரிடம் மிச்சமிருக்கும் வாதம்தான் உள்ளதிலேயே வலுவானது: இது தர்மக் கணக்கு அல்ல, பாட்டன் காலத்துப் பழக்கம். பழக்கமென்றால் யாருக்கும் வழக்கில்லை, தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் பழக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் தட்டை எட்டிப்பார்க்க முடியாதே. இவர் பார்க்கிறார். மாடி வீட்டு வாசலில் 'சைவக் குடும்பத்துக்கு மட்டும்' என்று பலகை தொங்குகிறது. வாடகை கேட்டு வருபவரிடம் முதல் கேள்வியே, "முட்டை சாப்பிடுவீங்களா?" ஆமாம் என்றால் வீடு கிடையாது. எல்லோரும் இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த மாடியே எழும்பியிருக்காது.