பித்தளைக்குப் பேரீச்சம்பழம்: ஜெயமங்கலத்துப் பாத்திரங்களின் வெளியேற்றமும் விலையேற்றமும் குறித்த ஓர் ஆய்வு

மாநகரத்துக் கடைவீதிக்குப் போகிறவர்கள் இருவகையினர் என்மனார் புலவர். வாங்கப் போகிறவர் ஒரு வகை, பார்க்கப் போகிறவர் மறு வகை. முன்னவர் கையில் சீட்டு இருக்கும். பின்னவர் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். முன்னவரைப் பற்றிப் பொருளியலார் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். பின்னவரைப் பற்றி, அதிலும் எங்கள் தேனி மாவட்டத்து ஜெயமங்கலத்தில் பஸ் ஏறிப் போய், பழைய சாமான் விற்கும் புதுக் கடைகளைச் சுற்றிப் பார்த்துத் திரும்புகிறவர்களைப் பற்றி, ஒருவரும் எழுதவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம் மதுரை, சென்னை. ஆய்வுக் காலம் இரண்டு பள்ளி விடுமுறைகள். ஆய்வு நிதி கிடையாது. ஆய்வுத் துணை என் அத்தை. அவருக்கு வயது அறுபத்தெட்டு. பித்தளையில் அனுபவமும் அறுபத்தெட்டு ஆண்டுதான். பிறந்ததும் குளிப்பாட்டியதே பித்தளை அண்டாத் தண்ணீரில் என்கிறார்.

சொல்லாராய்ச்சி இல்லாத கட்டுரை கட்டுரையாகாது. ஆகவே முதலில் ‘பூட்டிக்’. இச்சொல்லை நான் உச்சரித்த மாத்திரத்தில் அத்தை, “பொட்டிக்கடைதான? நம்ம பஸ் ஸ்டாப்புலயே இருக்கே” என்றார். பெட்டிக்கடை, பொட்டிக்கடையாகி, கடல் தாண்டும்போது பாரம் குறைக்கக் ‘கடை’யைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பொட்டிக் ஆகியிருக்கலாம் என்று நானும் ஒரு கருதுகோள் வகுத்தேன். அகராதிகள் ஒத்துழைக்கவில்லை. சரக்கறை என்று பொருள்படும் கிரேக்கச் சொல் ஒன்று லத்தீன் வழியே பிரெஞ்சுக்குப் போய் இந்த உருவம் எடுத்ததாம். ஆனால் அதே வேரில் பிறந்த போர்ச்சுகீசியச் சொல் இலங்கைக்கு வந்தது. அதனால் இலங்கை ஆங்கிலத்தில் பூட்டிக் என்றால் சோப்பும் பீடியும் விற்கிற தெருவோரப் பெட்டிக்கடைதான். ஆக, அத்தையின் சொற்பிறப்பியல் தவறு, சொற்பொருள் சரி.

அடுத்தது ‘விண்டேஜ்’. இது நம் மாவட்டத்துக்கே உரிய சொல் என்பதை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இதன் லத்தீன் மூலத்துக்குத் திராட்சை பறித்தல் என்று பொருள். இன்ன ஆண்டு பறித்த பழத்தின் மது என்று சீசாவில் ஆண்டு குறிக்கப் போய், நாளடைவில் ‘நல்ல பழசு’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. பிற நாடுகளில் ஆண்டுக்கு ஒரு தடவை பறிப்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலோ, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடையாகிக்கொண்டே இருக்கும். எந்த ஆண்டுப் பழம் என்று கேட்டால் சிரிப்பார்கள். எந்த வாரத்துப் பழம் என்றுதான் கேட்க வேண்டும். விண்டேஜ் என்ற சொல் பொருளிழந்து நிற்கும் பள்ளத்தாக்கு நம்முடையது.

சட்டத்துக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். கையெழுத்துச் சுவடி போன்றவற்றுக்கு எழுபத்தைந்து போதும். “அப்ப எனக்கு இன்னும் முப்பத்திரண்டு வருசம் இருக்கு” என்றார் அத்தை. எழுத்தறிவு உள்ளவர் என்பதால் சுவடிக் கணக்கில் சேர்த்தால் ஏழே ஆண்டுதான் என்று நான் சொல்லவில்லை. ஆய்வுத் துணையைப் பகைத்துக்கொண்டு ஆய்வு நடத்த முடியாது.

இனி வெளியேற்றம். பொருள் ஊரை விட்டுப் போவதைப் பற்றிய நம் மாவட்டத்தின் மிகப் பழைய ஆவணம், ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல். கிறிஸ்துவுக்கு முந்திய தமிழ் பிராமி எழுத்து. மாடு பிடித்துப் போகும் ஆகோள் பூசலில் இறந்தவனுக்காக நட்டது. மாடு போனதற்கு உயிரைக் கொடுத்தார்கள், கல்லும் நட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில் ஜெயமங்கலத்து வீடுகளிலிருந்து பித்தளைக் குடம், தவலை, குத்துப்போணி, தூக்குவாளி, செம்பு என்று வரிசையாகப் போனபோது எவரும் வாளெடுக்கவில்லை. எடுத்துப் போனவர் சைக்கிளில் வந்தார். “பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழேம்” என்று முன்கூட்டியே அறிவித்துக்கொண்டு வந்தார். நாமே பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தோம்.

காரணங்கள் பல. பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும்; அதற்காக உள்ளே ஈயம் பூச வேண்டும். ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவது குறைந்து, ஒரு நாள் நின்றே போனது. எவர்சில்வர் வந்தது, அதற்குப் புளியும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம். கேஸ் அடுப்பு வந்தது; அண்டா அதில் உட்கார மறுத்தது. வராக நதியில் தண்ணீர் எடுத்து இடுப்பில் சுமந்தவர்களுக்குப் பிளாஸ்டிக் குடம் எவ்வளவு பெரிய விடுதலை என்பதைப் பழமை பேசும் ஆண்கள் எழுதுவதே இல்லை. நானும் அத்தை சொல்லித்தான் எழுதுகிறேன். “வெறுங்கொடமே மூணு கிலோ. நீ ஒரு நா தூக்கிட்டு அப்பறம் பெரும பேசு” என்றார்.

விளங்காதது ஒன்றுதான்: ஏன் பேரீச்சம்பழம்? பெரியகுளத்து மாம்பழம் பக்கத்திலேயே விளைய, வடுகபட்டிச் சந்தையில் பூண்டு குவிய, அரபு நாட்டுப் பழத்தை ஏன் பித்தளைக்கு ஈடாக வைத்தார்கள்? கெடாது, சைக்கிளில் நசுங்கினாலும் நசுங்கியது தெரியாது என்பது என் ஊகம். குழந்தைகள் அழுதே பித்தளையை இறக்கவைப்பார்கள் என்பது அத்தையின் ஊகம். இரண்டாவதே வலுவானது. அன்று அழுத குழந்தைகளில் இவ்வாய்வாளனும் ஒருவன்.

போன பாத்திரங்களில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. தப்பியவை நகரம் சேர்ந்தன. அவற்றைத் தேடி ஜெயமங்கலத்திலிருந்து வைகை அணை, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக ஆரப்பாளையத்தில் இறங்கினோம்.

மதுரையில் முதலில் புது மண்டபம். திருமலை நாயக்கர் கட்டியது. அவர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. நானூறு ஆண்டை நெருங்கும் ஒன்றைப் புதுசு என்றும், நாற்பது ஆண்டுத் தூக்குவாளியைப் பழம்பொருள் என்றும் அழைப்பது எந்தக் கணக்கு? மீனாட்சியம்மன் கோயிலோடு ஒப்பிட்டால் மண்டபம் புதுசு, பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் தூக்குவாளி பழசு. பழமை என்பது பக்கத்தில் எது நிற்கிறது என்பதைப் பொறுத்தது என்ற விதி இங்கே பிறந்தது. வசந்த விழாவுக்குக் கட்டிய அந்த மண்டபத்தில் நம் காலத்தில் நாயக்க மன்னர் சிலைகளுக்கு நடுவே தையல் மிஷின்கள் ஓடின. அழகர் ஆற்றில் இறங்குகையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு உடுப்பும் தோல்பையும், கல்யாணத்துக்கு வளையலும், வீட்டுக்குப் பஞ்சாங்கமும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. ஒவ்வொரு தூணடியும் ஒருவரின் தனிக்கடை. அதுவல்லவா பூட்டிக்! இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். கல் மூச்சுவிடுகிறது என்கிறார்கள் தொல்லியலார். சரிதான். எனக்கு மட்டும் அங்கே மிஷின் சத்தம் கேட்காததில் கொஞ்சம் குறை.

மதுரையின் வீதிப் பெயர்களும் இவ்வாய்வுக்கு உதவின. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்தார்கள். இடிப்பதற்கு அளந்து கொடுத்தவர் மாரட். வேலை வாங்கியவர் பெருமாள் மேஸ்திரி. இருவர் பெயரிலும் இன்று வீதி இருக்கிறது. பிளாக்பர்னுக்கு விளக்குத்தூண் இருக்கிறது. பழையதை அகற்றியவருக்கு நினைவுச்சின்னம் வைக்கும் இந்த மரபைப் பின்பற்றினால், ஜெயமங்கலத்தில் பேரீச்சம்பழக்காரர் பெயரில் ஒரு தெருவாவது இருந்திருக்க வேண்டும்.

பாத்திரக் கடையொன்றில் அத்தை ஒரு பழைய செம்பை எடுத்துக் கவிழ்த்து, நடுவிரல் கணுவால் தட்டினார். ‘தட்டினால் ஒலிப்பது பித்தளை, தட்டாமலே ஒலிப்பது விலை’ என்பது இவ்வாய்வாளன் யாத்த நூற்பா. இதற்கு உரை: மதுரைக் கடையில் பழைய பாத்திரத்தைத் தராசில் வைத்து விலை சொன்னார்கள். ஊரிலும் தராசுதான்; பேரீச்சம்பழக்காரர் தராசு பித்தளைக்கு ஒரு மாதிரியும் பழத்துக்கு ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும் என்பது மட்டுமே வேறுபாடு. ஆக மதுரை வரை பித்தளை பித்தளையாகவே இருக்கிறது. அது வேறொன்றாக மாறுவது திண்டுக்கல்லைத் தாண்டிய பிறகே.

தாண்டினோம். 2023 ஜூனிலிருந்து போடிக்கும் சென்னைக்கும் ரயில் ஓடுகிறது. தேனியில் இரவு ஏறினால் காலையில் சென்ட்ரல். நாங்கள் இறங்கிய நிலையத்துக்கு அடுத்தே மூர் மார்க்கெட் இருந்தது. 1900-இல் திறந்தது; 1985 மே மாதம் எரிந்தது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, நாய்க்குட்டி, கால் உடைந்த நாற்காலி என்று தமிழ்நாட்டின் பழசெல்லாம் வந்து சேர்ந்த செங்கல் கட்டடம் அது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். அங்கே பேரம் பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது போகும் கடைகளில் பேரம் என்ற சொல் இல்லை.

அப்படி ஒரு கடை. பெயர் வேண்டாம். குளிர்சாதனம், மெல்லிய வீணை இசை, ஊதுபத்தி மணம். பித்தளைக் குடத்தில் காய்ந்த புல் செருகியிருந்தது. ஆட்டுக்கல்லில் தாமரை மிதந்தது. படியில் பேனா நின்றது. நிலைக்கதவு மல்லாந்து படுத்து, மேலே கண்ணாடி போர்த்திக்கொண்டு, சாப்பாட்டு மேசையாகியிருந்தது. எந்தப் பொருளும் தன் வேலையைச் செய்யவில்லை. அடுப்பிலிருந்து எவ்வளவு தூரம் விலகுகிறதோ அவ்வளவு விலை ஏறும் என்ற முடிவுக்கு நான் வந்தபோது, அத்தை குடத்திலிருந்த புல்லைப் பிடுங்கிவிட்டு உள்ளே கைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஈயமே இல்ல” என்றார் கடைக்காரப் பெண்ணிடம், கண்டிப்பாக.

இங்கே தராசு கிடையாது என்பதைக் குறித்துக்கொண்டேன். ஊரில் எடைக்கு விற்றது இங்கே கதைக்கு விற்கிறது. ஒவ்வொரு பொருளிலும் ஒரு சிறு அட்டை. அதில் ஏதோ ஒரு பாட்டி, ஏதோ ஒரு திண்ணை, ஏதோ ஒரு மழைக்காலம். எங்கள் பாத்திரங்களில் அட்டை இருந்ததில்லை. எழுத்து இருந்தது. சீர்வரிசைப் பாத்திரங்களில் உளியால் புள்ளி புள்ளியாய்ப் பெயர் வெட்டுவார்கள். பந்திக்கு இரவல் போன அண்டா வீடு திரும்ப வேண்டுமே. இந்த வெட்டெழுத்தியலைத் தொல்லியல் துறை இன்னும் தனிப் பிரிவாக ஏற்கவில்லை.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு தூக்குவாளி. அத்தை எடுத்தார், தட்டினார், காது வைத்தார், விளிம்பை விரலால் தடவினார். “சி.மு.” என்று வாசித்தார். எனக்கு நெஞ்சு படபடத்தது. எங்கள் வீட்டு எழுத்தாக இருந்தால் பொருள் சுழன்று வருகிறது என்ற என் கருதுகோள் நிறுவப்பட்டுவிடும்.

“நம்மளது இல்லப்பா” என்றார் அத்தை. “நம்மளது சீ.மு. யார் வீட்டுதோ.”

ஆய்வு நேர்மை கருதி இத்தோல்வியைப் பதிவு செய்கிறேன். “அந்த லெட்டர்ஸ் ஒரிஜினல் மேம், அதுதான் இதோட அழகே” என்றாள் கடைக்காரப் பெண். அத்தை விலைச்சீட்டைப் பார்த்தார். எங்கள் இருவரின் ரயில் கட்டணத்தை விட அதிகம். வாளியைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

“ஒரு சுழி போட்டா நம்மளதாயிரும்ல?” என்று என்னைக் கேட்டார்.

வாங்கிவிட்டோம். ஜெயமங்கலத்தில் இப்போது கையால் பெயர் வெட்ட ஆளில்லை. பெரியகுளத்தில் ஒரு பாத்திரக் கடையில் மிஷின் வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. சுழிக்கு மட்டும் தனியாக என்ன கணக்கு என்பது அவர்களுக்கும் தெரியவில்லை, முதலாளி வந்ததும் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.