முதல் பயணம் எங்கே?

கேள்வி: கோவையிலிருந்து வேலை மாற்றலாகி, குடும்பத்தோடு காக்கநாட்டுக்கு வந்திருக்கிறோம். கேரளத்தில் எங்கள் முதல் ஊர்சுற்றல். சனி, ஞாயிறு இரண்டே நாள். மூணாறா, வயநாடா?

பதில்: மட்டாஞ்சேரி! மூணாறு 130 கிலோமீட்டர். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம், நடுவே குழந்தைக்கு இரண்டு வாந்தி. விருந்தாளிகள்தான் வந்த வேகத்தில் எல்லாவற்றையும் பார்க்க ஓட வேண்டும். நீங்கள் இப்போது இந்த ஊர்க்காரர்கள். தேயிலைத் தோட்டம் எங்கும் போய்விடாது. காக்கநாட்டில் வாட்டர் மெட்ரோ படகில் ஏறினால் வைற்றிலா. அங்கிருந்து மெட்ரோ ரயில், ஓர் ஆட்டோ, பிறகு உயர் நீதிமன்றத் துறையிலிருந்து மட்டாஞ்சேரிக்குப் பக்கத்து ஃபோர்ட் கொச்சிக்கு மறுபடி படகு. குழந்தைக்கு அந்தப் படகுகளே பாதி விடுமுறை. இரவு அங்கேயே தங்கிவிடுங்கள்.

கேள்வி: சனிக்கிழமை காலையிலேயே மட்டாஞ்சேரி ஜூ டவுனைப் பார்த்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. சனி யூதர்களின் ஓய்வுநாள். அவர்களின் வழிபாட்டுக்கூடமான பரதேசி யூதப் பள்ளி திறக்காது. வெள்ளி சூரியன் சாய்ந்ததுமே ஓய்வுநாள் பிறந்துவிடும், ஆகவே வெள்ளியையும் நம்பாதீர்கள். பக்கத்து டச்சு அரண்மனைக்கும் வெள்ளி விடுமுறை. சனியன்று ஃபோர்ட் கொச்சி, ஞாயிறு காலை ஜூ டவுன். யூதப் பண்டிகை நாளா என்று மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும். நம் கோயில் பழக்கம் இருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

கேள்வி: ஒரே ஒரு தெருவாமே. அரை மணி நேரம் போதாதா?

பதில்: தெரு சிறியது, கதை பெரியது. பள்ளி கட்டப்பட்டது 1568இல். கொச்சி ராஜா கொடுத்த நிலம். அரண்மனைக் கோயிலும் யூதப் பள்ளியும் ஒட்டினாற்போல நிற்கின்றன. 1662இல் போர்த்துக்கீசியர் பள்ளியைச் சேதப்படுத்தினார்கள், டச்சுக்காரர் வந்த பிறகு மீண்டும் எழுந்தது. மணிக்கூண்டு 1760இல் வணிகர் எசெக்கியேல் ரஹபி கட்டியது. முகத்துக்கு முகம் எண்களின் எழுத்து மாறும், ஹீப்ரு, ரோமன், மலையாளம் என்று. உள்ளே தரையெல்லாம் சீனத்தின் கான்டனிலிருந்து கப்பலில் வந்த, கையால் வரைந்த நீலவெள்ளை ஓடுகள். குனிந்து பாருங்கள், பெரும்பாலோர் மேலே தொங்கும் விளக்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

தமிழர்கள் நின்று கேட்க வேண்டிய கதை கொச்சி யூதர்களின் செப்பேடுகளுடையது. சுமார் கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கினான். பல்லக்கு, குடை, பகல் விளக்கு எல்லாம் அதில் உண்டு. எழுதியது வட்டெழுத்தில். வழங்கிய இடம் முயிரிக்கோடு, அதாவது சங்கப் புலவர்கள் பாடிய நம் முசிறி! யவனர் கப்பல் வந்த அதே துறையில்தான் ஆயிரம் ஆண்டு கழித்து இந்த வரவேற்பும் நடந்திருக்கிறது.

கேள்வி: யூதர்கள் இப்போதும் அங்கே வாழ்கிறார்களா? பேசிப் பார்க்கலாமா?

பதில்: 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். தையல் பூவேலைக் கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019இல், 96 வயதில் காலமானார். இன்னொரு யூதப் பெண்மணி குவீனி ஹலேகுவா 2024இல் மறைந்தார். எஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்கள் வீட்டு ஜன்னலில் கேமராவை நீட்டாதீர்கள். அது காட்சிக்கூடமல்ல, குடியிருக்கும் வீடு. கடைகளை இன்று நடத்துகிறவர்களில் காஷ்மீரிகள் நிறைய.

அந்தத் தெருவுக்கு ஏ.பி. சலேமின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. சமூகத்தில் தாழ்த்தப்பட்ட யூதர்களுக்குப் பள்ளிக்குள் சம உரிமை கேட்டு சத்தியாகிரகம் செய்தவர், யூத காந்தி என்று புகழ்பெற்றவர். தீண்டாமையின் சாயல் கடல் கடந்து வந்தவர்களையும் பிடித்திருந்தது என்பதையும், அதை உள்ளிருந்தே ஒருவர் எதிர்த்தார் என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு மலையாளம் தெரியாது. தமிழ் பேச யாராவது கிடைப்பார்களா?

பதில்: ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் இருக்கும் தோபிகானா என்ற சலவைக்கூடத்துக்கு அழைத்துப் போங்கள். டச்சுப் படையின் சீருடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட குடும்பங்களின் வழியினர் அங்கே இன்றும் துவைக்கிறார்கள். தமிழ் அவர்களோடுதான் இருக்கிறது. வேலை நேரத்தில் அனுமதி கேட்டு நின்று பேசுங்கள்.

கேள்வி: சாப்பாடு?

பதில்: 1948 முதல் நடக்கும் காயீஸ் ரஹ்மத்துல்லாவில் மதிய பிரியாணி. சைவர்களுக்குக் குஜராத்தித் தெரு இருக்கிறது.

கேள்வி: நினைவுக்கு ஏதாவது வாங்க வேண்டும். பழம்பொருள் கடைகள் அழைக்கின்றனவே?

பதில்: பழையது என்று சொல்வதெல்லாம் பழையதல்ல. பிடித்த பொருளாக இருந்தால் அழகுக்கு விலை கொடுங்கள், வயதுக்குக் கொடுக்காதீர்கள். ஜூ டவுன் சாலையில் மிளகு வணிகர் சங்கம் 1957 முதல் இருக்கிறது; ஏலக்குரல் கேட்ட தெரு இது. ஆகவே வாங்க வேண்டியது மிளகு. ஒரு பிடியைத் தண்ணீரில் போடச் சொல்லிக் கேளுங்கள். மூழ்கினால் கால் கிலோ, மிதந்தால் அடுத்த கடை.