எட்டுக்குப் பயந்த தம்பிக்கு

வா தம்பி, உக்காரு. விரல்ல நீலக்கல் மோதிரம் மின்னுதே! கண்டி டவுன்ல எண் சாத்திரக்காரர் ஒருத்தர் உன் அடையாள அட்ட நம்பரக் கூட்டிப் பார்த்து, "எட்டு வருது, சனி பிடிச்சிருக்கு"ன்னு சொன்னாராமே. சனி உன்னப் பிடிச்சுதோ இல்லியோ, உன் மணிபர்ஸ நல்லாப் பிடிச்சிருச்சு.

உன் நம்பரக் கண்டவன்கிட்டயும் காட்டாத. நானே ஒண்ணு செஞ்சு தாறேன்: 200106012347. இருபதாயிரத்துப் பத்துக் கோடிச் சொச்சம்! மொத நாலு இலக்கம் பொறந்த வருஷம், அடுத்த மூணு பொறந்த நாள். 060ன்னா பெப்ரவரி 29. 2001ல அப்பிடி ஒரு நாளே கெடயாது. ஆனா ஆட்பதிவுத் திணைக்களம் எல்லா வருஷத்துக்கும் பெப்ரவரிய 29 நாளாத்தான் எண்ணும். அதனால இந்த ஆள் பொறக்கவே இல்ல, என்னோட சண்டைக்கும் வரமாட்டான். பொம்பளப் புள்ளைன்னா நாளோட 500 கூட்டி 560ன்னு போடுவாங்க. சீதனம் கேக்குற ஊர்ல அவளுக்குச் சேத்துக் குடுக்கிறது அரசாங்கம் மட்டுந்தான். பொறகு நாலு இலக்கம் வரிசை. கடைசி ஒண்ணு, முன்னுக்கு உள்ளதுல பிழ இருந்தாக் காட்டிக்குடுக்கிற இலக்கம். நான் சும்மா போட்டது.

இப்பக் கூட்டு. 26, அதயும் கூட்டினா 8. வந்துட்டாரு சனி! இனி பொறந்த தேதி முழுசையும் வெட்டிட்டு 12347ஐ மட்டும் கூட்டு. 17, அப்புறம் 8. தலகீழாத் திருப்பி எழுது, அப்பவும் 8. ஏன்னா இந்தக் கூட்டல் வேற ஒண்ணுமில்ல, ஒம்பதால வகுத்தா வர்ற மீதி. வெட்டின ஏழு இலக்கமும் சேர்ந்து 9, அது மீதியில காணாமப் போயிரும். நீ எந்த வருஷம் பொறந்தன்னுகூடத் தெரியாத கணக்குக்கு உன் கல்யாண நாள் தெரியுமாம்! தீவுல உள்ள அட்ட நம்பர் அம்புட்டையும் ஒம்பது கூடையில கொட்டினா, எட்டாங் கூடையில எத்தன மந்திரிமார் கெடப்பாங்களோ.

பதினொண்ணால வகுக்கிறதுதான் கொஞ்சம் வெவரமானது. வலப்பக்கமிருந்து ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டிக் கழிச்சா மீதி 10. கடைசி 47ஐ 74ன்னு மாத்தினா மீதி 4 ஆயிரும். ஒம்பதுக்கு அந்த மாத்தமே தெரியாது.

எங்க காலத்து அட்டையில ஒம்பது இலக்கம், கடைசியில ஒரு எழுத்து. ஓட்டு உள்ளவனுக்கு வீ, இல்லாதவனுக்கு எக்ஸ். தோட்டத்துச் சனத்தச் சனி பிடிச்சது எண்ணால இல்ல, 1948ல குடியுரிமையப் பறிகொடுத்ததால. மிச்சமிருந்தவங்களுக்கு 2003ல சட்டம் வந்துதான் தீர்ந்துச்சு. 2016ல வந்த புது நம்பர்ல எழுத்தே இல்ல.

மோதிரக் காசு திரும்பி வராது, அத விடு. நாளைக்குக் கிராம சேவகர்கிட்டப் போயி, வாக்காளர் இடாப்புல உன் பேர் இருக்கான்னு பார்த்துட்டு வா.