விமர்சக சிரோமணி

ஒரு காலத்தில் பஜாஜ் ஸ்கூட்டர்களைத் தேசமெங்கும் ஓடவிட்ட கீர்த்தி வாய்ந்த, புனேயை அடுத்த ஆகுர்டியில், பகலெல்லாம் கம்பெனிக் கணக்கெழுதிவிட்டு, இரவெல்லாம் புதிய இசைத்தொகுப்புகளுக்கு மதிப்புரை எழுதும் தமிழ்க் கனவான் ஒருவர் வசிக்கிறார். சினிமாப் பாட்டு அவருக்கு ஆகாது. சுயாதீனக் கலைஞர்களும் நாட்டார் பாடகர்களுமே அவருடைய சாம்ராஜ்யத்துப் பிரஜைகள்.

எத்தனைக்கெத்தனை குறைவான பேர் கேட்டிருக்கிறார்களோ, அத்தனைக்கத்தனை உயர்ந்தது சங்கீதம் என்பது அவரது சித்தாந்தம். 2018-இல் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் ஏற்றியபோது, 'யுகப் புரட்சி' என்று எழுதினார். அதே குழுவில் பாடிய அறிவு, பாடகி தீயுடன் சேர்ந்து 2021-இல் அளித்த 'என்ஜாய் எஞ்சாமி'யைக் கோடிக்கணக்கானோர் கேட்டு, கீழ்வீட்டு மராத்திக் குழந்தைகளும் பொருள் தெரியாமலே முணுமுணுக்கத் தொடங்கிய தினத்தன்று, அப்பாட்டின் ஆத்மா பிரிந்துவிட்டதாக அறிவித்தார். 2010-இல் புனேயில் பிறந்த என்.எச்.7 வீக்கெண்டர் இசை விழாவைப் பற்றிக் கேட்டாலோ, "முதல் வருஷத்தோடு சரி!" என்று பெருமூச்செறிவார்.

ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி எழுதிய விமர்சனங்கள், கச்சேரி கேளாதவர்களுக்கும் விளங்கின. நம்மவர் எழுதுவதோ பாடியவர்களுக்கே விளங்குவதில்லை. அடுத்த வீட்டுப் பையன் ஒருநாள், "சார், பாட்டு நல்லா இருக்கா, இல்லையா?" என்று கேட்டுவிட்டான். "அதைச் சொல்லவா, தம்பி, விமர்சனம்?" என்றார், பரிதாபத்துடன்.

மதிப்புரைக்கு மதிப்புரை தவறாமல் 'மண் வாசனை' வந்துவிடும்; ஆனால் அவர் குடியிருப்பது நாலாவது மாடி. ஆஷாட ஏகாதசிக்காகத் தேஹூவிலிருந்து பண்டரிபுரம் புறப்படும் துக்காராம் மகராஜின் பல்லக்கு ஊர்வலம், வழியில் ஆகுர்டி விட்டல் மந்திரில் ஓர் இரவு தங்குவது வழக்கம். தாளமும் மிருதங்கமும் முழங்க, அபங்கங்களைப் பாடிக்கொண்டு வார்க்கரி யாத்ரிகர்கள் திரள்திரளாகத் தெருவை நிறைத்துச் சென்ற அப்படியொரு மாலையில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்த நம்மவர், "ஒரே இரைச்சல்! ஜன்னலைச் சாத்து, நாட்டார் இசை கேட்டுக்கொண்டிருக்கிறேன்!" என்று உட்பக்கம் நோக்கிக் குரல் கொடுத்தார். பதில் இல்லை. அவர் மனைவியோ முன்பே கீழே இறங்கிப்போய், வார்க்கரிகளுக்கு வாழைப்பழம் கொடுத்துவிட்டு, அவர்களோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலைச் சிரோமணியே எழுந்து சாத்த வேண்டியதாயிற்று.

ஆயினும் அவரை இகழ வேண்டாம். ஊர் பேர் தெரியாத நாலு பிள்ளைகள் கைக்காசைப் போட்டு வெளியிடும் தொகுப்பை, முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை பொறுமையாகக் கேட்கும் புண்ணியவான் அவரைத் தவிர வேறு யார் இருக்கிறார்? ஆகையால், அவர் சிபாரிசு செய்யும் பாட்டை அவசியம் கேளுங்கள். பிடித்திருந்தால் மட்டும் அந்தச் செய்தியை அவர் காதில் போட்டுவிடாதீர்கள். மறு வாரமே அக்குழுவின் தரம் தாழ்ந்துவிடும்.