கொல்லைப்புற வடிப்பியல்: தஞ்சையில் ஓமத் தீநீர் காய்ச்சிய வீடு பற்றி ஓர் ஆய்வு

தஞ்சாவூரில் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் முதன்முதலாக எதையாவது காய்ச்சி வடிக்கப் புகுந்தால் என்ன நடக்கும் என்பதே இக்கட்டுரையின் பொருள். என்ன வடியும் என்பது வேதியியலாரின் கவலை. யார் யார் வருவார்கள், வந்து என்ன சொல்வார்கள் என்பது நம் கவலை. ஆய்வுக்களம், மருத்துவக் கல்லூரிச் சாலையை ஒட்டிய ஒரு நகர். வடிப்பாளர், பணி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வடிபொருள், ஓமம்.

ஓமம் என்பதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுவது ஆய்வு நேர்மைக்காக மட்டும் அல்ல. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. டாஸ்மாக் கடையில் நின்று வாங்கலாம், வீட்டில் காய்ச்சக் கூடாது. காய்ச்சுவது மட்டுமல்ல, காய்ச்சுவதற்கென்று பாத்திரம் பண்டம் வைத்திருப்பதும் குற்றம். ஒரு பாத்திரத்தைப் பார்த்து, அது எதற்கு வைத்திருப்பது என்று எப்படி அறிவது என்றொரு தத்துவக் கேள்வி இங்கே எழுகிறது. அதைக் காவல் நிலையத்தில் போய் எழுப்ப வாத்தியார் விரும்பவில்லை. ஆகவே ஓமம்.

தஞ்சைக்கு இது புதிதும் அல்ல. இரண்டாம் சரபோஜி (1798–1832) தன்வந்திரி மகால் என்று ஒரு மருத்துவக் கூடமே நடத்தியவர். அங்கே கண்ட முறைகள் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்ற பெயரில் சரசுவதி மகால் நூலகப் பதிப்புகளாகக் கிடைக்கின்றன. சித்த மருத்துவத்தில் இப்படி வடித்தெடுக்கும் நீர் தீநீர், வடிக்கும் கருவி வாலை. வாத்தியாரிடம் வாலை இல்லை. இட்லிப் பானை இருந்தது.

பானையின் அடியில் ஊறவைத்த ஓமமும் தண்ணீரும். நடுவே ஒரு முக்காலி, அதன்மேல் எவர்சில்வர் கிண்ணம். மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் குழியில் குளிர்ந்த நீர். ஆவி மேலே போய்க் குளிர்ந்த மூடியில் பட்டு முத்துமுத்தாகத் திரண்டு, சரிவில் இறங்கி, மூடியின் பிடிக்குமிழில் வந்து தொங்கி, கிண்ணத்தில் சொட்ட வேண்டும். மூடிக்கும் பானைக்கும் இடையிலுள்ள சந்தை அடைப்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பழைய மரபு சீலைமண்ணைச் சொல்கிறது. மண்ணில் தோய்த்த துணியைச் சுற்றிப் பூசும் முறை அது. வாத்தியாரின் துணைவியார், தம் இட்லிப் பானையில் மண் படக் கூடாது என்ற கொள்கையுடையவர். இறுதியில் மைதா மாவுக் கட்சி வென்றது.

இதன் இயற்பியல் அழகானது. ஓம எண்ணெயின் முதன்மைப் பொருள் தைமால். அது தனியே கொதிக்க 230 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் தண்ணீரோடு கலக்காமல் தனித்து நிற்கும் பொருளாகையால், நீராவியின் தோளில் ஏறி 100 டிகிரிக்குள்ளேயே வெளியே வந்துவிடும். டிக்கெட் எடுக்காமல் பேருந்தில் வந்திறங்குபவரைப் போல என்று வாத்தியார் விளக்கினார். அடுப்பு எரிந்தது. சொட்டும் விழுந்தது.

பிறகு நின்றது. மேல்நீர் சூடேறிவிட்டால் ஆவி குளிராது. நீரை மாற்ற வேண்டும், பனிக்கட்டி போட வேண்டும். பனிக்கட்டியோ சமையலறைப் பிரிட்ஜில், துணைவியாரின் நிர்வாகத்தில் இருக்கிறது. கொல்லை கடைமடை. “என்னங்க, சாயங்காலம் ஜூஸ் போடணும், இவ்வளவுதான்” என்று ஒரு தட்டு திறந்துவிடப்பட்டது. காவிரி நீர் மேலாண்மை ஆணையம் 2018-இலேயே அமைந்துவிட்டாலும் அதன் அதிகாரம் இந்த வீட்டு நடைவாசலைத் தாண்டவில்லை.

இனி ஆய்வின் மையப் பகுதிக்கு வருவோம். ஓம ஆவி மதிற்சுவரைத் தாண்டியதும் தெரு கூடத் தொடங்கியது. வந்தவர்கள் எவரும் ‘என்ன மணம்?’ என்று கேட்கவில்லை. பானையைப் பார்த்தார்கள், வாத்தியாரைப் பார்த்தார்கள், குரலைத் தாழ்த்தினார்கள். ஓமம் என்று அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை, நம்பவும் இல்லை. “ஓமம்தான் சார், ஓமம்தான்” என்று ஒரு மின்வாரிய ஊழியர் கண்ணைச் சிமிட்டினார். அதன்பின் ஆலோசனைகள் வரத் தொடங்கின. வெல்லம் எத்தனை நாள் ஊற வேண்டும், எந்த மரத்துப் பட்டை போடுவார்கள், பானையை எந்தக் குளத்து அடியில் புதைப்பார்கள் என்று விவரம் கொட்டியது. ஒவ்வொரு விவரத்தின் முடிவிலும் ஒரே முத்திரை: “சொல்லக் கேட்டதுதான், நமக்கெங்க தெரியும்.” ஒரு கலையை ஊரே கேள்விப்பட்டிருந்து ஒருவர்கூடச் செய்திராத நிலையை இவ்வாய்வு ‘கேள்வி மரபு’ என்று பெயரிட்டு முன்வைக்கிறது.

இம்மரபை, மண் அடுக்குகளைப் போலக் காலம் கணிக்க முடியும். மாகாணம் முழுதும் மதுவிலக்கு வந்தது 1948-இல். 1971-இல் கடை திறந்தார்கள், 1974-இல் மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். டாஸ்மாக் 1983-இல் பிறந்தது, 2003-இல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. கடை திறந்திருந்த காலத்து வாலிபர்களுக்குப் பெயர்களும் விலைகளும்தான் நினைவிருக்கின்றன. மூடியிருந்த காலத்தவருக்கோ செய்முறையே மனப்பாடம். டாஸ்மாக் தலைமுறைக்குக் கடை அடைக்கும் நேரம் மட்டும் தெரியும்.

ஓர் இடத்தில் மட்டும் கேள்வி மரபை ஆய்வு கண்டிப்பாக மறுக்கிறது. “முதல் வடியைக் கீழே ஊத்திட்டா விஷம் போயிடும்” என்று மூன்று பேர் சொன்னார்கள். போகாது. மெத்தனால் 65 டிகிரியிலும் குடிக்கிற ஆல்கஹால் 78 டிகிரியிலும் கொதிக்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டும் கலந்திருக்கும்போது, முதலில் ஒன்று பிறகு ஒன்று என்று வரிசையில் வராது. மூக்காலும் நாக்காலும் பிரித்தறியவும் முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதைக் குடித்தவர்களுக்கும் மூக்கும் நாக்கும் இருந்தன.

ஆய்வின் தலைசிறந்த தகவலாளர் கடைசியில் வந்தார். அவர் வாத்தியாரின் தாயார், ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த அப்பாயி. வயது 80-க்கு மேல். வாழ்நாளில் காப்பியைத் தவிர வேறு பானம் அறியாதவர். திண்ணையிலிருந்து எழுந்து வந்து பானையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

“தம்பி, தீ தூக்கலா இருக்கு, தணி. மேத்தண்ணி கொதிக்கிறதைப் பாத்துக்கிட்டு நிக்கிறியே, மாத்து. அந்தப் பக்கம் மாவு விட்டுப்போச்சு பாரு, ஆவியெல்லாம் வீணாப்போவுது.”

சொன்னபடி செய்ததும் சொட்டு நூலாக இறங்கியது. “எப்படிம்மா உனக்கு இதெல்லாம்?” என்றார் வாத்தியார், ஐம்பது வருட மரியாதை ஒரு கணம் ஆட்டம் கண்ட குரலில்.

“எனக்கென்ன தெரியும்? சொல்லக் கேட்டதுதான்” என்று அப்பாயி திண்ணைக்குத் திரும்பிவிட்டார். அடுக்கு: 1948–71. ஐயமில்லை.

கிண்ணத்தில் ஒரு டம்ளருக்குச் சற்றுக் குறைவாகத் தேங்கியது. பால் தண்ணீர்போல் லேசாகக் கலங்கிய நீர், மேலே கண்ணாடித் துகளாக மினுங்கும் எண்ணெய்ப் பொட்டுகள், மூக்கில் ஏறும் காரம். மின்வாரிய ஊழியர் ஒரு கரண்டி வாங்கிக் குடித்துவிட்டு நெடுநேரம் காத்திருந்தார். ஏப்பம் வந்தது. வேறெதுவும் வரவில்லை. அவர் முகத்தில் கண்ட ஏமாற்றமே, வடிந்தது ஓமம்தான் என்பதற்கு இவ்வாய்வு பெற்ற ஒரே ஆய்வகச் சான்று.

இத்துறையில் மேலாய்வு செய்ய எண்ணும் தமிழ்ப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1948 அடுக்கைச் சேர்ந்த அப்பாயிகளும் அம்மாயிகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள். விரைந்து போய்ப் பேசுங்கள். செல்போனில் பதிவு செய்வது தெரிய வேண்டாம். தெரிந்தால் கேள்விப்பட்டதும் மறந்துபோய்விடும்.