லிஃப்டைக் கழற்றுவோம்

பொது விளக்குக்கும் மோட்டாருக்கும் யூனிட் 8 ரூபாயா என்று தமிழகத்தின் அடுக்குமாடிச் சங்கங்கள் முறையிட்டன. அரசு மனம் இரங்கியது. 2023 அக்டோபரில் முதல்வர் ஸ்டாலின் கட்டணத்தை 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார். நிபந்தனை சின்னதுதான்: 10 வீட்டுக்கு மேல் கூடாது, 3 மாடிக்கு மேல் கூடாது, லிஃப்ட் கூடவே கூடாது.

எவ்வளவு தொலைநோக்கு! மூட்டுவலிக்கும் மின்கட்டணத்துக்கும் ஒரே மருந்து, படிக்கட்டு. எங்கள் சங்கம் உடனே தீர்மானம் போட்டது: லிஃப்டைக் கழற்றுவது, நான்காம் மாடியை இடிப்பது, பதினொன்றாம் வீட்டாரை மாலை போட்டு வழியனுப்புவது. எதிர்த்தவர் ஒருவரே. பதினொன்றாம் வீட்டுக்காரர், கட்டணக் குறைப்பு மனுவில் கையெழுத்துப் போடவேண்டிய செயலாளரும் அவர்தான்.

வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர்களே, மூன்றாம் மாடியில் காத்திருக்கிறோம். படியேறி வாருங்கள்.