சொந்தப் பாட்டு இல்லாத பய

டேய் பேராண்டி, சிடியாட்டாப்புல பொழுது சாயுறப்பப் போய் நின்னு, ரெண்டு கையையும் விரிச்சுப் படம் புடிச்சு, அடியில "நான் தனி ரகம்"னு எழுதிப் போட்டியாமே. ரொம்பச் சந்தோசம். உனக்கு முன்னாடி நின்னவனும் அதே எடத்துல அப்படித்தான் கையை விரிச்சான். உனக்குப் பின்னாடி நின்னவன், நீ எப்படா நகருவன்னு பாத்துக்கிட்டு இருந்தான். தனி ரகமெல்லாம் அங்க வரிசையில நிக்குதுடா!

உங்க அக்கா கல்யாணப் பத்திரிகைக்குக் கவிதை வேணும்னதும் போனைத் தட்டின. கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள அது எட்டு வரி குடுத்துச்சு. அடியில உன் பேரைப் போட்டுக்கிட்ட பாரு, அந்தத் துணிச்சல் மட்டும் உன் சொந்தச் சரக்கு.

கோவிச்சுக்காத. நாம பொழைக்க வந்த இந்த அந்தமான் மண்ணுக்கு முன்னமே சொந்தக்காரங்க இருந்தாக. கிரேட் அந்தமானியர்னு சொல்றாகளே, அவுக சங்கதியக் கேளு. போர்ட்மேன்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி 1888-ல அவுக பாட்டைப் பத்தி எழுதி வச்சிருக்காரு. ஆம்பள, பொம்பள, பொடிசு எல்லாருமே பாட்டுக் கட்டுவாகளாம். கட்டத் தெரியாதவனை ஒரு ஆளாவே மதிக்க மாட்டாகளாம். ஒரு பாட்டைக் கட்டினவன்தான் அதைப் பாட எடுக்கணும், அடுத்தவன் தொடப்படாது. அவன் கண்ணை மூடிட்டா அந்தப் பாட்டும் அதோட சரி.

நாம எப்படி? செத்தவுக பாட்டை விட்டா நமக்கு வேற பொழப்பே இல்ல. ஈராயிரம் வருசத்துக்கு முந்தி எங்க பாட்டன் என்ன பாடினான் தெரியுமான்னு மைக்கைப் புடிச்சா, பந்தி முடியிற வரைக்கும் விடமாட்டோம். "சரிப்பா, நீ என்ன பாடின?"ன்னு ஒருத்தன் கேட்டா மட்டும் தொண்டை கட்டிக்கிரும்.

1906-லேர்ந்து 1908 வரைக்கும் இங்க வந்து ஆராய்ஞ்ச ராட்கிளிஃப்-பிரவுன் இன்னும் வெவரமாச் சொல்றாரு. வில்லைச் செதுக்குறப்ப, ஓடத்தைக் குடையுறப்ப, துடுப்புப் போடுறப்ப, மனசுக்குப் புடிக்கிற வரைக்கும் முணுமுணுத்தே பாட்டைக் கட்டிருவாகளாம். விசயமும் வேட்டை, ஓடம்னு அன்னாடப் பாடுதான். கற்பனை ஊறலைன்னு எவனும் ஹேவ்லாக் தீவுல ரூம் போடல. கட்டினதை வீட்டுப் பொம்பளைகளுக்குச் சொல்லிக்குடுத்து வச்சிருந்து, ஆட்டம் நடக்குற ராத்திரி மரப்பலகையைக் காலால மிதிச்சுத் தாளம் போட்டுக் கட்டினவனே எடுத்துக் குடுப்பான். கூட்டம் பின்பாட்டுப் பாடும். பாட்டு ஒருத்தனோடது, பின்பாட்டு ஊரோடது. நீ என்னடான்னா, தனித்துவம் வந்துருச்சுன்னு காதுல குமிழைச் சொருகிக்கிட்டு ஆத்தா கூப்பிட்டாக்கூட ஏன்னு கேக்க மாட்டேங்கிற.

அப்படிப் பாடின சனங்க கதி என்னாச்சு தெரியுமா? 1858-ல வெள்ளைக்காரன் கைதிகளைக் கொண்டாந்து இங்க குடியேத்தினான். 1877-ல தட்டம்மை வந்து அந்தச் சனங்களைக் கொத்துக்கொத்தா வாரிக்கிட்டுப் போச்சு. 2010 ஜனவரியில அவுகள்ல போவா சீனியர்ங்கிற பாட்டி போய்ச் சேந்தாக. அந்தப் பாட்டி பேசின 'போ' பாஷையைப் பேச அதோட ஆளே இல்ல. அந்தச் சனங்க வாயை நோய் அடைச்சுச்சு. உனக்கு என்னடா நோய்? மூணு வேளையும் மீன் கொழம்பு நல்லாத்தானே எறங்குது?

நாளைக்கு வேலைக்குப் போறப்ப நாலு வரி முணுமுணுத்துப் பாரு. கேக்கச் சகிக்காது. இருக்கட்டும். உன் மூஞ்சியும்தான் சுமாரு. அதுக்காக அடுத்தவன் மூஞ்சியையா மாட்டிக்கிட்டுத் திரியிற? பாட்டு மோசமா இருந்தா ஊரு ரெண்டு நாள் சிரிச்சிட்டு விட்டுரும். எரவல் பாட்டுக்காரனை அது சிரிக்கக்கூடக் கூப்பிடாது. சுமாரோ, சொத்தையோ, சொந்தமா ஒண்ணு கட்டுடா. பின்பாட்டுக்கு நான் இருக்கேன்.